இரண்டு பேரும் திருப்பிய தகடு

பட்டறையில் அவளுக்குப் பட்டாசு என்று பெயர். வைத்தவர் போர்மேன். பொருத்தமான பெயர்தான், தப்புச் சொல்ல முடியாது. கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாய் அதற்கும் ஒரு அங்குலம் முன்னால் இருக்கும். லேசர் மெஷின் ஓட்டுவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அதே அறையில் அதே மெஷினில் அவளோடு வேலை செய்பவள் அவளுடைய அண்ணி. கூடப்பிறந்த அண்ணனின் பெண்டாட்டி. தகட்டை மேடையில் ஏற்றுவது, பிடி போட்டு இறுக்குவது, வளைவை அளப்பது அண்ணி வேலை. மெஷினை ஓட்டுவது பட்டாசு வேலை. நடுவில் நாலடி தூரம். ஐந்து மாதமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

பேசாமல் எப்படி வேலை நடக்கும் என்று கேட்கலாம். போர்மேன் எதற்கு இருக்கிறார்?

"சார், மேடை இடது பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருக்குன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்பாள் பட்டாசு. அண்ணி அங்கேயேதான் நிற்பாள். காது நன்றாகவே கேட்கும். ஆனாலும் போர்மேன் திரும்பி, "மேடை ஒரு நூல் தாழ்ந்திருக்காம்மா" என்று திருவாய் மலர்ந்த பிறகுதான் அவள் கை ஸ்பேனரை எடுக்கும்.

"நான் போர்மேனா, தபால்காரனா?" என்று அந்த மனுஷர் தலையில் அடித்துக்கொள்வார். சாப்பாட்டுக்குக்கூட ஒருத்தி பன்னிரண்டரைக்குப் போவாள், இன்னொருத்தி ஒரு மணிக்கு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டால் மானம் போய்விடும் பாருங்கள்.

இத்தனைக்கும் காரணம் ஒரு தண்ணீர்த் தொட்டி. பட்டாசு குடியிருக்கும் வீட்டு மொட்டை மாடியில் தொட்டி நிரம்பி வழிந்தது. புருஷனுக்கு வெளியூரில் வேலை. அண்ணனுக்குப் போன் போட்டாள். அண்ணன் வந்தார், தூறலில் ஏணி ஏறினார், கால் வழுக்கி விழுந்தார். முதுகெலும்பில் அடி. ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி, "மழை விடுற வரைக்கும் உனக்குப் பொறுக்காதா?" என்று கேட்டாள். பட்டாசுக்குத் தன் நெஞ்சில் இருந்ததை அப்படியே பிடுங்கிக் கேட்டது போல் இருந்தது. அது வலித்த வலியில் பட்டாசு வெடித்தாள்: "உங்க வீட்ல அவருக்கு நிம்மதி இருந்தா ஏன் என் வீட்டுக்கு ஓடி வர்றாரு?"

சொன்ன மறுநொடியே தெரிந்துவிட்டது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று. அண்ணி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றோடு சரி.

இப்போது அந்த மெஷின் மேடைக்கு வந்திருந்தது அதே அண்ணனுடைய முதுகு.

அண்ணன் பஸ் டிரைவர். நடக்கிறார், படி ஏறுகிறார், உட்காரத்தான் முடியவில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்தால் முகமெல்லாம் வேர்த்து எழுந்துவிடுவார். நாளை மறுநாள் டெப்போ டாக்டர் முன்னால் ஒரு மணி நேரம் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் ஸ்டியரிங் கிடையாது. டெப்போ கேட்டில் நின்று போகிற வண்டி வருகிற வண்டி நம்பரை எழுதுகிற வேலைதான். "அதுக்கு நான் அன்னிக்கே நேரா தலைகீழா விழுந்திருக்கலாம்" என்று அவர் ஒருநாள் சொன்னார். சிரித்துக்கொண்டே சொன்னதாகப் பேர்.

முதுகுக்கோளாறு உள்ள டிரைவர்களுக்குச் சீட் செய்து கொடுக்கும் தையல்காரர் ஒருவர் உண்டு. அவர்தான் அண்ணன் முதுகை மாவுக்கட்டில் அச்செடுத்து, அந்த வளைவில் ஒரு முதுகுப் பலகை வேண்டும் என்று இவர்களிடம் கொடுத்தார். சாதா இரும்புத் தகடு என்றால் கனம். வண்டி குலுங்குகிற குலுக்கலை அப்படியே முதுகுக்குக் கொடுத்துவிடும். அதனால் உலோக நுரை. அலுமினியத்தை உருக்கி, உள்ளே குமிழி குமிழியாகக் காற்றை விட்டு, அப்படியே உறைய வைத்த தகடு. வெட்டிய ஓரத்தைப் பார்த்தால் ரொட்டித் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும். விரல் தடிமன், ஆனால் ஒரு கையால் தூக்கிவிடலாம். குலுக்கலையும் பாதி தின்றுவிடும்.

ஒரே ஒரு சங்கடம். அதைக் கையாலோ அச்சிலோ அழுத்தி வளைக்க முடியாது. உள்ளே குமிழிகள் நசுங்கிப் பலகை பலம் போய்விடும். லேசர் ஒளியால்தான் வளைக்க வேண்டும். ஒளி தகட்டின் மேல் ஒரு கோடு போகும். கோடு போன பக்கம் சூடேறிச் சுருங்கும். தகடு ஒளியைப் பார்த்து நிமிரும், ஒரு டிகிரிகூட இருக்காது. மூன்று நிமிடம் ஆற வேண்டும். அப்புறம் பக்கத்தில் அடுத்த கோடு. அவசரப்பட்டால் நுரை உருகி இறங்கிவிடும். போன வாரம் சூட்டின் அளவு பார்க்கும்போது ஒரு தகடு அப்படித்தான் போயிற்று.

மொத்தம் வந்தது மூன்று தகடு. அடுத்த சரக்கு வர மூன்று மாதம் ஆகும். ஒன்று போய், மீதி இரண்டு.

வேலைத்தாளில் மூன்று வரிதான். முதல் வரி: முன்பக்கம் தோளுக்கு இரண்டு கோடு. இரண்டாவது: தகட்டைத் திருப்பு. மூன்றாவது: பின்பக்கம் இடுப்புக்கு இருபத்து நாலு கோடு. தோள்பட்டையைப் பலகை லேசாக அணைக்க வேண்டும், இடுப்பை முன்னால் தள்ளித் தாங்க வேண்டும். அதனால்தான் நடுவில் அந்தத் திருப்பல். ஒவ்வொரு வரி முடிந்ததும் டிக் அடிப்பது போர்மேன் வேலை.

அன்றைக்குப் பார்த்துப் போர்மேனுக்குப் பல்வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பதினோரு மணிக்கே பல் டாக்டரிடம் போய்விட்டார். போகும்போது இரண்டு பேரையும் பார்த்துக் கும்பிட்டார். "ரெண்டு பேரும் மெஷினையாவது உருப்படியா வெச்சிருங்க" என்றார்.

தோளுக்கான இரண்டு கோடும் சுத்தமாக விழுந்தன. பட்டாசு பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனாள். ஒரு மணிக்குத் திரும்பி வந்தால் அறை காலி. அண்ணி சாப்பிடப் போயிருந்தாள். மெஷினின் கண்ணாடிக் கேபினைத் திறந்து பார்த்தாள். தகடு பிடியில் இருந்தது. ஒளி வழுக்கி ஓடாமல் இருக்க இரண்டு பக்கமும் கரிப்பூச்சு அடித்திருந்ததால் முன்பக்கமும் கறுப்பு, பின்பக்கமும் கறுப்பு. தோள் வளைவோ இரண்டு டிகிரிகூட இல்லை, அதுவும் பிடிக்குள் மாட்டியிருக்கிறது. தாளைப் பார்த்தாள். இரண்டாவது வரிக்கு டிக் இல்லை. டிக் அடிக்கிறவர் பல் டாக்டரிடம் இருக்கிறார் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

'மகாராணி திருப்பாமலே சாப்பிடப் போயிட்டாங்க' என்று முணுமுணுத்துக்கொண்டு, பிடியைத் தளர்த்தி, தகட்டைத் திருப்பி, இறுக்கினாள். அதில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. தப்பு அந்தப் பக்கம் என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அண்ணி வந்தாள். பட்டாசு மெஷினை ஓட்டினாள். கேபினின் கறும்பச்சைக் கண்ணாடி வழியே தகடு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒளியைப் பார்த்து நிமிர்ந்தது. எந்தப் பக்கம் போட்டாலும் அது ஒளியைப் பார்த்துத்தான் நிமிரும். அதற்கு முன்பக்கம் பின்பக்கம் தெரியாது. அண்ணி அளந்து சுவரில் இருந்த கரும்பலகையில் அளவை எழுதினாள். பட்டாசு கரும்பலகையைப் பார்த்து அடுத்த கோட்டைப் போட்டாள். ஒன்றேகால் மணி நேரம், ஒரு வார்த்தை இல்லாமல், என்ன அழகாக வேலை நடந்தது என்கிறீர்கள்!

இருபத்து நாலாவது கோடு ஆறியது. அண்ணி பிடியைக் கழற்றித் தகட்டை மேஜையில் நிற்க வைத்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை.

தோளும் முன்னால் வளைந்திருந்தது, இடுப்பும் முன்னால் வளைந்திருந்தது. தாங்க வேண்டிய இடத்தில் பள்ளம். மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற தொட்டி மாதிரி நின்றது அண்ணனுடைய முதுகுப் பலகை.

அண்ணி சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "நான் திருப்பித்தானே வெச்சுட்டுப் போனேன்."

பட்டாசு கூரையைப் பார்த்துச் சொன்னாள்: "நானும்தானே திருப்பினேன்."

சொல்லி முடித்த பிறகுதான் இருவருக்கும் விளங்கியது. ஒருத்தி திருப்பியதை இன்னொருத்தி திருப்பியிருக்கிறாள். ஊரில் எந்தப் பட்டறையிலும் இப்படி ஒரு தப்பு நடக்காது. "திருப்பியாச்சா?" என்று யாராவது ஒருத்தர் கேட்டிருப்பார்கள். ஒரே ஒரு வார்த்தை.

சரி செய்யப் பார்த்தார்கள். மறுபக்கம் கோடு போட்டு இழுத்தார்கள். நாலாவது கோட்டிலேயே சுருங்கிக் கிடந்த குமிழிகள் விட்டுப்போய், குறுக்கே மயிரிழை போல ஒரு விரிசல் ஓடியது. அவ்வளவுதான், அந்தத் தகட்டின் கதை முடிந்தது.

பட்டாசுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மணி மூன்று. தையல்காரர் ஆறு மணிக்கு வருவார், அண்ணனையும் கூட்டிக்கொண்டு. மிச்சம் இருப்பது ஒரு தகடு. போர்மேன் இன்னும் வரவில்லை. வந்தாலும் வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு என்ன தூது போவார்? அண்ணன் டெப்போ கேட்டில் நோட்டும் பேனாவுமாக நிற்பது கண் முன்னால் வந்தது. ஒருதரம் அவரை ஏணியில் ஏற்றினாள். இப்போது சீட்டிலிருந்தும் இறக்கிவிடப் போகிறாளா?

மூன்றாவது தகட்டை எடுத்து அண்ணி மேடையில் வைத்தாள்.

"அண்ணி" என்றாள் பட்டாசு.

ஐந்து மாதம் கழித்து வந்த வார்த்தை.

"இனிமே எதுவா இருந்தாலும் நான் கேப்பேன், நீங்க வாயால சொல்லுங்க. நீங்க கேளுங்க, நான் சொல்றேன். எம்மேல இருக்கிற கோவம் அப்படியே இருக்கட்டும். இத முடிச்சுட்டு மறுபடி உர்ருனு இருந்துக்கலாம்."

அண்ணி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "முன்பக்கம் மேல இருக்கு" என்றாள். "பிடி இறுக்கியாச்சு. நீ பாத்துக்கோ."

"பாத்தாச்சு அண்ணி."

தோளுக்கு இரண்டு கோடு. பிறகு, "திருப்புறேன்" என்றாள் அண்ணி. "திருப்புங்க" என்றாள் பட்டாசு. "திருப்பிட்டேன்." "நீங்க திருப்பினத நான் பாத்தேன்." யாராவது கேட்டிருந்தால் இரண்டு பேருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இடுப்புக்கான கோடுகள் தொடங்கின. ஒளி போக இருபது விநாடி. ஆற மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் செய்வதற்கு ஒரு வேலையும் கிடையாது. மத்தியானம் அதே மூன்று நிமிடங்களை ஆளுக்கொரு சுவரைப் பார்த்து ஓட்டிவிட்டார்கள். இப்போது பேசத் தொடங்கிவிட்டதால் சும்மா இருப்பது கஷ்டமாகப் போயிற்று.

"பல் டாக்டர் இன்னும் விடலியா சாரை?" என்றாள் பட்டாசு.

"பிடுங்கிருப்பாங்க."

"நம்ம ரெண்டு பேர்கிட்டயும் பல்லக் கடிச்சுக் கடிச்சே அது போயிருக்கும்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அளவுகோலைத் துடைத்தாள். அந்தப் பாதிச் சிரிப்பைப் பார்த்ததும் பட்டாசுக்கு இருப்புக்கொள்ளவில்லை. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டோம் என்று தோன்றியது. ஏழாவது கோடு ஆறிக்கொண்டிருந்தது.

"அண்ணி, அன்னிக்கு ஆஸ்பத்திரில நான் சொன்னது பொய். நிம்மதி இல்லாம ஒண்ணும் அண்ணன் என் வீட்டுக்கு ஓடி வரல. நான்தான் போன் போட்டுப் போட்டு உயிர எடுத்தேன். தண்ணி வழியுது, வீட்டு ஓனர் கத்துறாருன்னு அழுதேன். அதான் வந்தாரு. விழுந்ததுக்கு நான்தான் காரணம்னு எனக்குத் தெரியும். நீங்க கேட்டது தாங்க முடியாம, வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன். என் நாக்கு அழுகிப் போகணும்."

மூன்று நிமிடம் முடிந்து மெஷின் கூவியது. அண்ணி கேபினைத் திறந்து அளந்தாள். "அஞ்சு புள்ளி ஆறு. அடுத்தது போடு" என்றாள்.

பட்டாசு போட்டாள். கண்ணை மறைத்தது, புறங்கையால் துடைத்துக்கொண்டு போட்டாள். இவ்வளவு சொல்லியும் அஞ்சு புள்ளி ஆறுதான் பதிலா என்று மனசு அடித்துக்கொண்டது. கேட்கத் தனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்றும் தோன்றியது.

எட்டாவது கோடு ஆறும்போது அண்ணி கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினாள்.

"உன் போன் வந்துச்சுல்ல, அத வெச்சுட்டு அவர் படுத்துட்டாரு. தூறுது, காலைல போய்க்கலாம்னாரு."

பட்டாசு திரும்பினாள்.

"நான்தான் போர்வைய உருவினேன். தங்கச்சி அழுறா, உங்களுக்குத் தூக்கம் கேக்குதா, ஒரு எட்டுப் போய்ட்டு வாங்கன்னு சட்டைய எடுத்து நானே கைல குடுத்தேன். அவர் வேண்டாம் வேண்டாம்னாரு."

"அண்ணி!"

"இத யார்கிட்டயும் சொல்லல. அவர் அதப்பத்தி ஒரு வார்த்த பேசினதில்ல. பேசித் திட்டினாலாவது தேவலாம். உன்னப் பாத்தா எனக்கு அந்தச் சட்டதான் ஞாபகம் வரும். உம்மேல பாய்ஞ்சா கொஞ்ச நேரம் அது அடங்கும். அதான் பாய்ஞ்சேன். நீயும் கொஞ்சமா பேசினே? அதப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு மாசம் ஓட்டிட்டேன்."

பட்டாசு அந்த நாலடியைக் கடந்து போய் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். கரிப்பூச்சுப் பட்டுக் கறுத்த கை. அண்ணி இழுத்துக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் அழுதார்கள், வெட்கமில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மெஷின் கூவியதும் அண்ணிதான் முதலில் சுதாரித்தாள். "அழுதுகிட்டே அளந்தா தப்பா வரும். நீ வந்து பாரு" என்றாள்.

"ஆறு புள்ளி நாலு."

"எனக்கும் அதான் வருது. போடு."

இருபத்து நாலாவது கோடு ஐந்து மணிக்கு முடிந்தது. தகட்டை நிறுத்தினார்கள். தோள் முன்னால் வளைந்திருந்தது, இடுப்பு எதிர்ப்பக்கம் வளைந்து, தாங்க வேண்டிய இடத்தில் மேடு. மாவுக்கட்டு அச்சின் மேல் வைத்துப் பார்த்தபோது நடுவில் ஒரு தாள்கூட நுழையவில்லை. அப்போதுதான் கன்னம் வீங்கி வந்து சேர்ந்த போர்மேன், அவர்கள் இருவரும் தலையோடு தலை ஒட்டிக் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தப்பான பட்டறைக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒருதரம் வெளியே போய்ப் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆறு மணிக்கு அண்ணன் தையல்காரரோடு வந்தார். தையல்காரர் கையோடு கொண்டுவந்த பஸ் சீட் சட்டத்தில் பலகையை முடுக்கி, மெல்லிய மெத்தை ஒன்றைக் கட்டினார். "ஒரு மணி நேரம். டெப்போ கணக்கு அதான். உக்காருங்க" என்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். கையை முன்னால் நீட்டி இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தார். "ஆமா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிறீங்களா? யாரு முதல்ல தோத்தது?" என்றார்.

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க" என்றாள் பட்டாசு.

பத்து நிமிடம் ஆயிற்று. அண்ணியும் பட்டாசும் எதிரே தரையில் உட்கார்ந்து அவர் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேர்வை இல்லை. இருபது நிமிடம். "எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி. "பேசாம இரு" என்றார். வலியை மறைக்கிறாரோ என்று பட்டாசுக்குப் பயம். அரை மணி. ஸ்டியரிங்கைப் பிடித்த கை மெல்ல மடியில் இறங்கியது. நாற்பதாவது நிமிடம் அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"ஐயையோ, மயக்கம்!" என்று பட்டாசு துள்ளி எழுந்தாள். வலி தாங்க முடியாமல் மயங்கிவிட்டார், பலகை தோற்றுவிட்டது, எல்லாம் போயிற்று என்று ஒரு நொடியில் எல்லாம் ஓடிவிட்டது. அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். காதைக் கொடுத்துக் கேட்டாள்.

குறட்டை. முதலில் மெல்ல, பிறகு பஸ் மேடு ஏறுகிற மாதிரி நன்றாக.

அண்ணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பட்டாசுக்குத் தெரியவில்லை.

"அஞ்சு மாசமா ரெண்டு மணி நேரம் சேந்தாப்ல தூங்கினதில்ல இவரு" என்று அண்ணி கிசுகிசுத்தாள். "ராத்திரி பூரா கூடத்துல நடந்துகிட்டே இருப்பாரு. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன்."

இது பட்டாசுக்குத் தெரியாது. யார் சொல்லியிருப்பார்கள்? போர்மேன் மூலமாகவா இதைச் சொல்லி அனுப்ப முடியும்? அவள் அண்ணியின் பக்கத்தில், தோள் உரச, மறுபடி தரையில் உட்கார்ந்தாள்.

ஒரு மணி நேரம் ஆனதும் தையல்காரர் கடிகாரத்தைக் காட்டினார். "பாஸ். எழுப்புங்கம்மா, நான் கடைய மூடணும்."

"யாராவது அவரத் தொட்டுப் பாருங்க, அப்புறம் இருக்கு" என்றாள் பட்டாசு, இதுவரை அவள் வாழ்நாளில் பேசாத அளவுக்கு மெல்லிய குரலில்.

தையல்காரர் போர்மேனைப் பார்த்தார். போர்மேன் வீங்கிய கன்னத்தைத் தடவிக்கொண்டு பட்டறைச் சாவியை எடுத்து அண்ணியிடம் நீட்டினார். அண்ணி அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். கதவுகளைச் சாத்தும்போது சத்தம் வரக்கூடாது என்று பட்டாசு வெளியே போகிற இருவரையும் விரல் காட்டி எச்சரித்தாள்.